இருபது விநாடிக்கான ஆயத்தம்: தொலைவிலிருந்து பெறும் மனப்பயிற்சி குறித்து வாசகர் கேள்விகள்

விளையாட்டு உளவியல் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீடியோ அழைப்பின் வழியாக நடக்கும் மனப்பயிற்சியைப் பற்றியும் மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் விழிப்புநிலைப் பயிற்சியைப் பற்றியும் இருந்தன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் வில்வித்தையில் ரிகர்வ் எனப்படும், முனைகள் வெளிப்புறம் வளைந்த வில் பிரிவில் போட்டியிடுகிறேன். பயிற்சியில் எடுக்கும் புள்ளிகளைத் தகுதிச் சுற்றிலும் ஏறக்குறைய எடுத்துவிடுகிறேன். நேருக்கு நேர் மோதும் சுற்று வந்துவிட்டால் கிளிக்கர் (நாணை முழுதாக இழுத்ததும் ஓசை எழுப்பும் சிறு தகடு) விழுவதற்கு முன்பே நாண் கையை விட்டுப் போய்விடுகிறது. வேறொரு நாட்டில் இருக்கும் மனப்பயிற்சியாளர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசும்படி என் பயிற்சியாளர் சொல்கிறார். நான் அம்பு எய்வதை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒருவரால் எனக்கு என்ன செய்துவிட முடியும்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆயினும் அதைச் சற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். தனிநபர் மோதல் சுற்றில் ஓர் அம்புக்கு உங்களுக்குக் கிடைப்பது 20 விநாடிகள். பயிற்சியாளர் உங்கள் பின்னால் நிற்கலாம், ஒரு சொல் சொல்லவும் செய்யலாம். ஆனால் வில்லைத் தூக்கி, நாணைத் தாடைவரை இழுத்து, கிளிக்கரின் ஓசைக்குக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் உங்கள் கவனம் எங்கே போகிறது என்பதில் வேறு எவரும் தலையிட முடியாது. அந்த நேரத்தில் பக்கத்து அறையில் இருக்கும் மனப்பயிற்சியாளரும் உங்களுக்குத் தொலைவில் இருப்பவர்தான். எனவே அவர் எங்கே இருக்கிறார் என்பதைவிட, அவர் இல்லாதபோது நீங்கள் செய்யக்கூடிய ஒன்றை அவர் கற்றுத்தருகிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிளிக்கருக்கு முன்பே நாண் விடுபடுவதை வில்வித்தைக்காரர்கள் 'டார்கெட் பேனிக்' என்பார்கள். குறிபார்க்கும் கருவியான சைட்டின் வளையம் இலக்கின் மஞ்சள் மையத்தைத் தொடும் காட்சிக்கும் விரல்கள் நாணை விடும் செயலுக்கும் இடையே, நீங்கள் விரும்பாமலேயே ஒரு பழக்கம் உருவாகிவிட்டது. பயிற்சியில் அது அடங்கிக் கிடக்கிறது. எதிரே ஒருவர் நின்று எய்யும்போது தலைதூக்குகிறது. இதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நெருக்கடி வந்ததும், உடம்புக்குப் பழகிப்போன செயலை அதன் போக்கில் விடாமல், விரலையும் முழங்கையையும் ஒவ்வோர் அங்குலமாகக் கண்காணிக்கத் தொடங்குகிறோம். நன்கு கற்றுத் தேர்ந்த செயல்களை இத்தகைய கண்காணிப்பு குலைக்கிறது என்பதை ராய் பாமைஸ்டர் 1984-ஆம் ஆண்டிலும், சையன் பைலாக், தாமஸ் கார் ஆகியோர் 2001-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. 'முன்கூட்டி விடாதே, முன்கூட்டி விடாதே' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வதும் உதவாது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடியே திரும்பத் திரும்ப நினைவில் வந்ததைக் காட்டி டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனையை உளவியல் படித்த எவரும் அறிவார்.

இனி, நேரில் பாராத ஒருவர் இதில் என்ன செய்வார் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல மனப்பயிற்சியாளர் முதல் அழைப்பிலேயே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிட மாட்டார். எந்தப் போட்டியில் இது முதலில் வந்தது, அதற்கு முன் தோள் வலியோ வில் மாற்றமோ இருந்ததா, எய்து முடித்ததும் முதலில் யாரைப் பார்க்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். அடுத்து ஒரு வீடியோ கேட்பார். அதில் இலக்கு தெரிய வேண்டியதில்லை. கைபேசியைப் பக்கவாட்டில் நிறுத்தி, உங்கள் முகமும் தோள்களும் வில் பிடித்த கையும் தெரியும்படி, கோட்டில் வந்து நிற்பதிலிருந்து விலகுவது வரை இடைவெளியின்றிப் பதிவுசெய்தால் போதும். மைதானத்தில் நிற்பவர்களின் கண்கள் அம்பின் பின்னாலேயே போய்விடுவதால், இரண்டு அம்புகளுக்கு இடையே நடப்பதை நேரில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பத்து எடுத்ததும் இயல்பாக மூச்சை விட்டு அடுத்த அம்பைப் பொருத்தும் அதே வீராங்கனை, எட்டு விழுந்ததும் ஸ்கோர்போர்டை ஒருமுறையும் பயிற்சியாளரை ஒருமுறையும் பார்த்துவிட்டு, தோள் காதை நோக்கி ஏறியிருக்க, மூச்சை அடக்கியபடியே நாணை இழுப்பதை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உங்களுக்கே அது செய்தியாக இருக்கக்கூடும். இந்த ஒரு விஷயத்தில், தொலைவிலிருந்து செய்யும் வேலை நேரில் செய்வதைவிட மேலானது என்றே சொல்வேன்.

பிறகுதான் பயிற்சி. நாள்தோறும் பத்து நிமிடம் அமர்ந்து மூச்சையோ பாதங்கள் தரையில் படும் உணர்வையோ கவனிப்பது. மனம் விலகிப் போனதை உணர்ந்ததும், போனதற்காகத் தன்னைக் கடிந்துகொள்ளாமல் திரும்பக் கொண்டுவருவது. பலரும் மனம் விலகாமல் இருப்பதுதான் பயிற்சி என்று எண்ணுகிறார்கள். விலகியதைக் கண்டுகொண்டு திரும்பும் அந்தச் செயல்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது முறை விலகினால் நாற்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். போட்டியில் உங்களுக்குத் தேவைப்படுவதும் அதுவே: 'இதுவும் எட்டுதான்' என்ற எண்ணம் வரும், வந்ததைக் கண்டுகொள்வீர்கள், அதனுடன் வாதிடாமல் முதுகுத் தசையின் இழுப்புக்குத் திரும்புவீர்கள்.

இதற்கு இணையாக, உங்கள் வில் பயிற்சியாளருடன் பேசி வைத்துக்கொண்டு, இலக்குத் தாள் ஒட்டாத வெற்றுத் தடுப்பின் முன் சில மீட்டர் தூரத்தில் நின்று, கிளிக்கரின் ஓசைக்குப் பிறகே நாணை விடும் பழக்கத்தை மறுபடி ஊன்ற வேண்டும். அது கைவந்த பின், இலக்குத் தாளை ஒட்டி, முழுதாக இழுத்து, மஞ்சளில் சைட்டை நிறுத்தி, எய்யாமலேயே மெல்ல இறக்குவதைச் சில நாள்கள் செய்ய வேண்டும். மஞ்சளைப் பார்ப்பது வேறு, விடுவது வேறு என்று உடம்புக்குப் புரியவைக்கும் வழி இது. இதை வீடியோ அழைப்பில் மட்டும் செய்ய முடியாது. மைதானத்தில் உங்களுடன் நிற்பவர் உடன்பட்டால்தான் நடக்கும். கடைசிக் கட்டத்தில், 20 விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டு, கோட்டில் நின்றதும் பாதங்களில் எடையை உணர்வது, ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுவது, அம்பைப் பொருத்துவது, இலக்கைப் பார்ப்பது, இழுப்பது என்ற வரிசையை, எட்டு விழுந்தாலும் பத்து விழுந்தாலும் ஒரே அளவு நேரத்தில் செய்யப் பழகுவீர்கள்.

இதயத் துடிப்பைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் வில்வித்தை ஒளிபரப்பில் போட்டியாளர்களின் இதயத் துடிப்பு திரையில் காட்டப்பட்டது. பின்னர் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், துடிப்பு கூடியிருந்தபோது எய்த அம்புகளுக்குப் புள்ளிகள் குறைவாகக் கிடைத்ததாகக் கண்டனர். ஆனால் துடிப்பைக் குறைத்தே தீர வேண்டும் என்று கோட்டில் நின்று போராடுவது இன்னொரு கண்காணிப்பாகிவிடும். மூச்சை நீளமாக விடுவதால் துடிப்பு சற்று இறங்கினால் நல்லது. இறங்காவிட்டாலும் நாணை இழுக்க வேண்டியதுதான். உலகப் பதக்கம் வென்றவர்களின் கைகளும் நடுங்குகின்றன.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். திரை வழியே முகத்தை மட்டும் பார்த்துப் பழகிய மனப்பயிற்சியாளருக்கு, நீங்கள் காலையில் எப்படி மைதானத்துக்குள் நடந்து வருகிறீர்கள், தோற்ற பின் அணியினருடன் எப்படி அமர்கிறீர்கள் என்பது தெரியாது. இயன்றால் பருவத்துக்கு ஒருமுறையாவது அவர் உங்கள் போட்டி ஒன்றுக்கு நேரில் வரட்டும்.

கேள்வி: நான் பேட்மின்டன் பயிற்சியாளர். என்னிடம் பயிலும் இரட்டையர் இணை, ஒரு மனப்பயிற்சியாளருடன் தனித்தனியாக வாரந்தோறும் பேசுகிறது. என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவர் சொல்ல மறுக்கிறார். களத்தில் நான் சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் முரண்பாடு வந்தால் என்ன செய்வது?

பதில்: அவர் சொல்ல மறுப்பது சரி. வீரர் தன்னிடம் சொன்னதை அவரின் அனுமதியின்றி அணித் தேர்வில் பங்குள்ள ஒருவரிடம் சொல்லும் மனப்பயிற்சியாளரிடம், அதற்குப் பிறகு எவரும் உண்மையைப் பேச மாட்டார்கள். இருவரில் ஒருவருக்கு மற்றவர் மீது மனத்தாங்கல் இருந்தால், அது உங்கள் காதுக்கு வராது என்ற நம்பிக்கையில்தான் வெளியே வரும்.

ஆனால் நீங்கள் அஞ்சும் முரண்பாடு உண்மையானது. தொலைவு அதை இன்னும் பெரிதாக்குகிறது. உங்கள் பயிற்சிக் கூடத்தில் அந்த வாரம் சர்வீஸைத் திருப்பும் முறையை மாற்றியிருப்பீர்கள். அது தெரியாத மனப்பயிற்சியாளர், 'பழகிய ஆட்டத்தை நம்பு' என்று சொல்லியிருப்பார். வீரர் உங்கள் இருவருக்கும் இடையில் மாட்டிக்கொள்வார். எனவே தொடக்கத்திலேயே, வீரர்களும் இருக்கும் ஒரு கூட்டு அழைப்பில், எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது என்று பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தரங்கம் அவர்களுக்குள் இருக்கட்டும். இந்த மாதம் எந்தத் திறனில் வேலை நடக்கிறது, களத்தில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தப் போகிறோம் என்ற இரண்டும் அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அந்தச் சொல் முக்கியம். ஆட்டத்தின் நடுவே வரும் இடைவேளை 60 விநாடிகள்தான். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே 120 விநாடிகள். வீரர்கள் துண்டால் முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பாதி போய்விடும். மீதி நேரத்தில் நான்கு உத்திகளைச் சொல்லும் பயிற்சியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீரர்கள் தலையாட்டுவார்கள், எதுவும் உள்ளே போயிருக்காது. முதல் 20 விநாடிகள் பேசாமல் இருங்கள். அவர்கள் மூச்சு சீராகட்டும். பிறகு உத்தி ஒன்று, ஒப்புக்கொண்ட அந்தச் சொல் ஒன்று. மனப்பயிற்சியாளர் அழைப்புகளில் எதற்காக வேலை செய்துவருகிறாரோ, அதை அந்த ஒரு நிமிடத்தில் கையாளக்கூடியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

கேள்வி: நெடுந்தூர ஓட்டக்காரன் நான். கைபேசிச் செயலி ஒன்றில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைத் தொடங்கினேன். பதற்றம் குறைவதற்குப் பதில் கூடுகிறது. மனம் வெறுமையாகவே மாட்டேன் என்கிறது. எனக்கு இது ஒத்துவராதா?

பதில்: வெறுமையாக வேண்டியதில்லை, அப்படி எவரும் கேட்கவும் இல்லை. சிலருக்குக் கண்ணை மூடி உள்நோக்கி அமர்வது பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, நடந்துகொண்டே பாத அடிகளைக் கவனிக்கலாம். உங்களுக்கோ ஓட்டமே பயிற்சிக் களம். வில்லியம் மார்கன், மைக்கேல் பொலாக் இருவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணி மாரத்தான் ஓட்டக்காரர்கள் களைப்பை மறக்க வேறெதையாவது நினைத்துக்கொண்டு ஓடாமல், தங்கள் மூச்சையும் கால்களின் இறுக்கத்தையும் கவனித்து அதற்கேற்ப வேகத்தைச் சரிசெய்துகொண்டு ஓடியதாகக் கூறினர். மெதுவான ஓட்ட நாளில், கடிகாரத்தைப் பாராமல், ஒரு கிலோமீட்டர் முழுவதும் பாதம் தரையில் படும் ஓசையை மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்த பின்னும் பதற்றம் தொடர்ந்தால், செயலியை விட்டுவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். உங்கள் குரல் நடுங்குவது செயலிக்குக் கேட்காது.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, நீச்சல் போட்டிகளில் பங்கேற்கிறாள். கிளப் ஏற்பாடு செய்த மனப்பயிற்சியாளருடன் அறையைப் பூட்டிக்கொண்டு பேசுகிறாள். அந்தரங்கம் வேண்டும் என்கிறார்கள், நானும் ஒதுங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாட்டைத் தட்டிக் கழிக்கிறாள், குளத்துக்குப் போகும் நாளில் அழுகிறாள். மனப்பயிற்சியாளரோ விழிப்புநிலைப் பயிற்சியைக் கூட்டச் சொல்கிறார்.

பதில்: அம்மா, இதில் தாமதம் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும் இரண்டு மாதம் நீடித்திருப்பது, மனப்பயிற்சியின் எல்லையைத் தாண்டிய செய்தி. இந்த வாரமே ஒரு மருத்துவரையும், பதின்பருவத்தினருடன் பணிபுரியும் மருத்துவ உளவியலாளரையும் நேரில் பாருங்கள். வளரும் வயதில், கடும் பயிற்சியில் இருக்கும் பெண் உணவைத் தவிர்ப்பது எலும்புகளையும் மாதவிடாயையும்கூடப் பாதிக்கும். அதை எடை பார்த்து, ரத்தம் பார்த்து, நேரில் பேசித்தான் அறிய முடியும். திரையின் சதுரத்துக்குள் தோள்வரை மட்டுமே தெரியும் ஒருவரால், அவள் மெலிந்திருக்கிறாள் என்பதைக்கூடக் கண்டுகொள்ள முடியாமல் போகலாம்.

விழிப்புநிலைப் பயிற்சி போட்டித் திறனுக்கு உதவலாம். நோய்க்கான மருத்துவத்தின் இடத்தில் அதைத் தனியாக வைக்கக் கூடாது. விளையாட்டு வீரர்களின் மனநலம் குறித்து சர்வதேச ஒலிம்பிக் குழு 2019-இல் நிபுணர்களின் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து, விளையாட்டு மருத்துவர்கள் மனநலச் சிக்கல்களைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்கான வினாத்தொகுப்பையும் கொண்டுவந்தது. அது 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. ஆகவே உங்கள் மகளின் வயதில் குழந்தைகளை நன்கறிந்த மருத்துவரிடம் போவதே முறை.

பூட்டிய அறையைப் பற்றி: அந்தரங்கம் தேவைதான், ஆனால் 15 வயதுப் பிள்ளையிடம் அதற்கு எல்லை உண்டு. பேசுவது என்ன என்று நீங்கள் கேட்க வேண்டாம். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் செயலி வழியாகப் பேசுகிறார்கள், அழைப்பு பதிவு செய்யப்படுகிறதா, பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் யாரை அழைப்பார் என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. தொலைவிலிருந்து வேலை செய்யும் பொறுப்பான எவரும், ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் எதிரில் இருப்பவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்வார். அவசரத்தில் உதவியை எங்கே அனுப்புவது என்று தெரிய வேண்டும் அல்லவா? தன்னுயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் இரகசியம் காக்க இயலாது என்பதையும் முதல் நாளிலேயே பிள்ளையிடம் சொல்லியிருப்பார். இவற்றைக் கேட்டதற்கு அவர் முகம் சுளித்தால், வேறொருவரைத் தேடுங்கள்.

போட்டியிலிருந்து சில வாரம் விலகினால் எல்லாம் போய்விடும் என்று மகள் அஞ்சக்கூடும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். பதக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. விலகியவர் திரும்பி வர முடிந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியட்டும்.

கேள்வி: மனப்பயிற்சியாளர் என்று இணையத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: பெரும்பாலான நாடுகளில் 'மென்டல் கோச்' என்று எவரும் தம்மை அழைத்துக்கொள்ளலாம்; 'உளவியலாளர்' என்பதற்குத்தான் பல இடங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு. உளவியலிலோ அதையொட்டிய துறையிலோ முதுநிலைப் படிப்பும், மேற்பார்வையின் கீழ் வீரர்களுடன் பணியாற்றிய அனுபவமும் இருக்கிறதா என்று கேளுங்கள். வட அமெரிக்காவின் பயன்பாட்டு விளையாட்டு உளவியல் சங்கம் மனத்திறன் ஆலோசகர்களுக்குத் தரும் சிஎம்பிசி சான்று இவ்விரண்டையும் கேட்கிறது. அதைப் பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். எந்த முறையில் பணியாற்றுகிறார் என்றும் கேளுங்கள். ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார விழிப்புநிலைப் பயிற்சித் திட்டத்தைத் தழுவியவர்கள் உண்டு. ஃபிராங்க் கார்டனர், ஸெல்லா மூர் இருவரும் வீரர்களுக்கென்றே ஏழு பகுதிகளாக வகுத்த முறையைப் பின்பற்றுபவர்கள் உண்டு. எதுவாயினும் பெயர் சொல்லி விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று அழைப்புகளில் பதக்கம் என்று உறுதியளிப்பவரிடம், இரண்டாவது அழைப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: போட்டி நாளில் மனப்பயிற்சியாளருடன் பேசலாமா?

பதில்: பழக்கம் இருந்தால் பேசலாம். பாரிஸில் அணி இறுதி நடந்த அன்று காலை தன் உளவியல் ஆலோசகருடன் பேசிவிட்டே களத்துக்கு வந்ததாக பைல்ஸ் சொன்னார். ஆனால் அவர்களுக்கிடையே நெடுநாள் பழக்கம் இருந்தது. அன்று புதிதாக எதையும் கற்கக் கூடாது. முந்தைய மாலையில் பத்து நிமிட அழைப்பு, அதுவும் வழக்கமான வரிசையை ஒருமுறை வாயால் சொல்லிப் பார்ப்பதற்கு மட்டும், பெரும்பாலோருக்குப் போதுமானது. நேர வேறுபாட்டை முன்பே கணக்கிட்டு வையுங்கள்; மனப்பயிற்சியாளர் தூக்கத்தில் இருக்கும் வேளையில் செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, தனியே இருப்பதைவிட மோசமானது. சதுரங்கம் போல் கைபேசியை அரங்குக்குள் கொண்டுசெல்லவே அனுமதிக்காத விளையாட்டுகளில், ஒப்படைப்பதற்கு அரை மணி முன்னதாகவே அதை அணைத்துப் பழகுங்கள். போட்டி முடிந்ததும் அலச வேண்டாம். ஒரு நாள் உறங்கி எழுந்து, என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதி அனுப்பிய பிறகு பேசுங்கள்.